ரூபாய்க்கு எத்தனை அணா குறைஞ்சிருக்கு?

அவர் நடக்கிற சத்தத்தை வைத்தே கீழே என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுவேன். ரப்பர் செருப்பு சரக் சரக்கென்று வராந்தாவின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போகும், திரும்பும். மெதுவாகப் போனால் வந்திருப்பவருக்குச் சளி, தேமல், மூட்டுவலி என்று ஏதாவது இருக்கும். வேகமாகப் போனால் பல்வலி. பல்வலிக்காரர் கீழே உட்கார்ந்திருக்க, பல் டாக்டரான நான் மேலே ஆள் இல்லாத நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று அந்தச் செருப்புச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன். எரிச்சல் எரிச்சலாக வரும்.

திருப்பரங்குன்றத்தில் ஸ்டேஷனிலிருந்து கோயிலுக்குப் போகிற வழியில் ஒரு பழைய மாடிக் கட்டடம். மேலே என் கிளினிக், கீழே அவருடைய ஹோமியோபதி. மாடிப்படி அவர் வராந்தாவுக்குள்ளேதான் இருந்தது. என்னிடம் வருகிறவர்கள் அவரைத் தாண்டித்தான் ஏற வேண்டும், பாதிப் பேர் தாண்ட மாட்டார்கள். மேலே போனால் ஊசி, கீழே இருந்தால் சீனி. யார்தான் ஏறுவார்கள்? ஊரில் அவருக்குப் பெயர் சீனி மாத்திரை டாக்டர். எனக்கு ஊசிக்காரம்மா. படித்து முடித்து, புதிதாகக் கிளினிக் போட்டு, பெயர்ப்பலகையில் பட்டத்தையெல்லாம் போட்டிருந்தவளுக்கு இந்தப் பெயர் எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆள் ஒல்லி. அறுபதைத் தாண்டியிருந்தார். அரைக்கைச் சட்டை, வேட்டி, நெற்றியில் விபூதி. அவர் நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்ததே குறைவு. நின்றுகொண்டே கேட்பார், நடந்துகொண்டே யோசிப்பார், மருந்துப் புட்டியைக் குலுக்கிக்கொண்டே மறுபடி நடப்பார்.

பல்வலி என்று வருகிறவரை வாயைத் திறக்கச் சொல்லவே மாட்டார். இதுதான் எனக்கு முதல் அதிர்ச்சி. "வாயெல்லாம் தொறக்க வேணாம்ங்கய்யா. பேசுங்க, போதும்" என்பார். பிறகு ஆரம்பிக்கும் விசாரணை. குத்துதா, துடிக்குதா, கொடையுதா, இழுக்குதா? காதுக்குப் போகுதா, நெத்திக்கு ஏறுதா? படுத்தா கூடுதா? சூடா காப்பி பட்டா எப்படி? ஐஸ் தண்ணி வாயில வச்சா எப்படி? ஆறுதல் சொன்னா புடிக்குதா, எரிச்சலா வருதா?

செக்கானூரணிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு சம்சாரியிடம், "வலி வர்றப்ப யாரையாச்சும் அடிக்கணும் போலத் தோணுதா?" என்று கேட்டார். தாடையைப் பிடித்துக்கொண்டிருந்த அந்த மனிதர், "தோணுது சார்" என்றார்.

"யாரை?"

"கேள்வி கேக்குறவுகளை."

வராந்தாவே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "நல்லது, நல்லது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் வேறு புட்டியை எடுத்து வந்தார். அந்தப் பதிலும் அவருக்கு ஒரு குறிப்புத்தான்.

கிராம்பைப் பல்லில் வைத்துக்கொண்டு வருகிறவர்களைக் கண்டால் மட்டும் கோபம் வரும். "துப்புங்க அதை! கிராம்பு, கற்பூரம், பச்சை வெங்காயம், பேஸ்ட்டு எதுவும் வாயில இருக்கப்படாது. மருந்து ஓடிப்போகும்." காப்பிக்கும் தடை. மதுரைக்காரனிடம் காப்பியை விடச் சொல்கிற தைரியம் அவருக்கு இருந்தது. பல்வலிக்கு அவர் பெரிதாக நம்பிய மருந்தே காப்பிக்கொட்டையிலிருந்து எடுப்பதுதானாம். ஐஸ் தண்ணீரை வாயில் வைத்தால் வலி அடங்குகிறது என்று ஒருவர் சொல்லிவிட்டால் போதும், அவர் முகம் மலர்ந்துவிடும். மருந்து கிடைத்துவிட்டது என்று அர்த்தம்.

வேடிக்கை என்னவென்றால், அதே கேள்வியை நானும் கேட்பேன். என் கல்லூரியிலும் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். பல்லுக்குள்ளே சின்னதாக ஓர் அறை இருக்கிறது. அதில் நரம்பும் ரத்தமுமாகக் கூழ் போல ஒன்று. சொத்தை அதுவரை போய்விட்டால் கூழ் வீங்கும். சுற்றிலும் சுவர், வீங்க இடமில்லை, அதனால்தான் அப்படி ஒரு வலி. சூடு பட்டால் உயிர் போகும், ஐஸ் தண்ணீர் பட்டால் அடங்கும் என்ற நிலைக்கு வந்துவிட்டால் அந்தக் கூழ் செத்துக்கொண்டிருக்கிறது என்று எங்களுக்குப் பாடம். ஒரே கேள்வி, ஒரே பதில். அவருக்கு அது காப்பிக்கொட்டை மருந்து, எனக்கு அது ரூட் கேனால்.

மருந்து கொடுத்ததும் ஆளை அனுப்ப மாட்டார். பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு நடக்க ஆரம்பிப்பார். நாலு நடைக்கு ஒரு தடவை நின்று குனிந்து கேட்பார்.

"இப்ப எப்படி இருக்கு? ரூவாய்க்கு எத்தனை அணா கொறைஞ்சிருக்கு?"

வயதானவர்கள் நாலணா, எட்டணா என்பார்கள். காலேஜ் பிள்ளைகள் ரூபாய்க்குப் பதினாறணா என்பது தெரியாமல் விழித்து, "ட்வென்டி பர்சென்ட் அங்கிள்" என்பார்கள். அவர் மனசுக்குள் கணக்குப் போட்டு, "மூணணா" என்று முணுமுணுத்துக்கொண்டு மறுபடி நடப்பார். வலி அவர்களுக்கு, தவிப்பு இவருக்கு. நெற்றியில் வியர்த்து, விபூதி கரைந்து, கண் இடுங்கி, பார்க்கவே பாவமாக இருக்கும். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு "குறையவே இல்லை" என்று சொல்லக் கல் மனசு வேண்டும். நிறையப் பேருக்கு அது கிடையாது. "பன்னெண்டணா கொறைஞ்சிருச்சுங்கய்யா" என்று சொல்லிவிட்டுத் தெருமுனை மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு போவார்கள். நான் மாடி ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறேன்.

ஒருநாள் மனசு கேட்காமல் அதைச் சொல்லியும் விட்டேன். அன்று கரண்ட் இல்லை. இரண்டு பேரும் எதிர்ச் சர்பத் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தோம். நான் நன்னாரி சர்பத், அவர் வெறும் மோர்.

"சார், உங்ககிட்ட எல்லாரும் பொய் சொல்றாங்க."

"தெரியும்மா."

எனக்குச் சர்பத் புரையேறிவிட்டது.

"நெசமாவே கொறைஞ்சவன் டக்குனு பதில் சொல்ல மாட்டான். நாக்கைக் கொண்டுபோயி அந்தப் பல்லைத் தேடுவான். இங்கனதானே இருந்துச்சு, எங்க போச்சுன்னு கன்னத்துக்குள்ள துழாவுவான். கண்ணு எங்கயோ இருக்கும். அதுக்கப்புறந்தான் வாய் தொறப்பான். கேட்ட உடனே பத்தணா, பன்னெண்டணான்னு சொல்றவன் எனக்காகச் சொல்றான். அவனுக்கு நான் மருந்தை மாத்திக் கொடுப்பேன்."

அன்றைக்குத்தான் அவரைக் கொஞ்சம் மரியாதையோடு பார்த்தேன். மரியாதை வந்ததே தவிரச் சண்டை தீரவில்லை. அவரிடம் வலி நின்றுபோய், சில மாதம் கழித்துக் கன்னம் வீங்கி, என்னிடம் மாடியேறி வருகிறவர்கள் இருந்தார்கள். ஒரு ஆட்டோக்காரத் தம்பி அப்படி வந்தபோது, எடுத்தே தீரவேண்டிய நிலையில் இரண்டு பல்லை எடுத்தேன். கோபத்தோடு கீழே இறங்கிப் போனேன்.

"வலி நின்னா பல் பொழச்சிருச்சுன்னு அர்த்தமில்ல சார். உள்ளே நரம்பு செத்தாலும் வலி நிக்கும். ஆள் நல்லாயிட்டோம்னு நினைச்சுட்டு வீட்ல இருப்பான், உள்ள சீழ் வச்சுக்கிட்டு இருக்கும்."

"வலியோட வந்தான், வலியில்லாமப் போனான். அதுக்கு மேல என்னம்மா வேணும் மனுசனுக்கு?"

"பல்லு வேணும்ல சார்!"

அவர் நடக்க ஆரம்பித்தார். செருப்புச் சத்தம் அன்று பூராவும் ஓயவில்லை. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று நானும் மேலே வந்து முணுமுணுத்துக்கொண்டேன். பழமொழியை அப்படி வாய்விட்டுச் சொல்லியிருக்கக் கூடாது என்று பின்னால் தோன்றியது.

பங்குனித் திருவிழா முடிந்த கையோடு, கீழே ஆளே இல்லாத நேரத்தில் செருப்புச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. காலையில் நான் கதவைத் திறக்கும்போதே கேட்கும். பல்வலி வேகத்துக்கு மேலே ஒரு வேகம். எட்டிப் பார்த்தால் பெஞ்ச் காலியாக இருக்கும், அவர் மட்டும் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருப்பார்.

சர்பத் கடை அண்ணன்தான் விஷயத்தைச் சொன்னார். "ஏக்கா, கீழ் டாக்டரு மோர் குடிக்கிற ஆளாச்சே? இப்ப என்னன்னா தெனமும் வந்து ஐஸ் கட்டியா கேட்டு வாங்கிட்டுப் போறாரு. பிளாஸ்க்கு நெறைய. என்னா விசேசம்?"

எனக்கு விளங்கிவிட்டது. அதற்கப்புறம் படியேறும்போது கவனித்தேன். கையில் பிளாஸ்க் மூடி. ஒரு வாய் தண்ணீரை வலது கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு நடப்பார். அது சூடானதும் விழுங்கிவிட்டு இன்னொரு வாய். யாராவது வந்தால் மூடியை மேஜைக்கடியில் வைத்துவிட்டு, "சொல்லுங்க, குத்துதா, துடிக்குதா?" என்பார். அவருக்கு அது குத்திக்கொண்டும் துடித்துக்கொண்டும் இருந்திருக்கும். கீழ் வரிசை, வலது கடைவாய்ப் பல். வாயைப் பார்க்காமலேயே சொல்லிவிட்டேன், அவர் பாணியில்.

நான் ஒரு தடவை நின்று, "சார், மேல வந்து ஒரு நிமிஷம்…" என்று ஆரம்பித்தேன்.

"எனக்கென்னம்மா. நல்லாத்தான் இருக்கேன்."

வாயில் தண்ணீரோடு அதைச் சொன்னதால் சட்டையெல்லாம் சிந்திவிட்டது. நான் ஏறிவிட்டேன். படுத்தால் கூடுகிற வலி அது. அவர் வீட்டில் எப்படித் தூங்குகிறார், தூங்குகிறாரா என்று எனக்கு ஒரே யோசனை. எனக்கும் அந்த நாட்களில் வேலையே ஓடவில்லை. ஒருவருக்குப் பல்லைத் துளைத்துக்கொண்டிருக்கும்போதே காது கீழேயே இருக்கும்.

பிறகு ஒரு காலையில் சத்தம் இல்லை.

நான் ஜன்னலைத் திறந்து பார்த்தேன். மூடுவதற்குள் அவரே படியேறி வந்துகொண்டிருந்தார். அத்தனை வருஷத்தில் அவர் என் கிளினிக்குக்குள் காலெடுத்து வைத்தது அதுதான் முதல் தடவை. கையில் இலைப் பொட்டலம், அதில் சீரணி மிட்டாய். முகம் அப்படி ஒரு பளபளப்பு.

"எடுத்துக்கம்மா. உன்கிட்ட மறைச்சு என்ன ஆகப்போகுது? எனக்குப் பல்வலி இருந்துச்சு. பாடாப் படுத்திருச்சு. காப்பி மருந்தை வீரியம் கூட்டி எடுத்தேன். நேத்து ராத்திரி நின்னுச்சு பாரு, சுவிச்சை அமத்தினாப்புல!"

சுவிட்சை அணைத்த மாதிரி நிற்பதுதான் நான் பயந்த நிற்பு.

"ரூவாய்க்கு எத்தனை அணா சார் கொறைஞ்சிருக்கு?"

"பதினாறணா!"

"கேட்ட உடனே சொல்லிட்டீங்களே. தேடிப் பாக்கலையே?"

அவருக்குச் சுருக்கென்றது. கன்னத்துக்குள் நாக்கு போவது தெரிந்தது. "ஒண்ணுமே தெரியலம்மா" என்றார். நான் ஃபிரிட்ஜிலிருந்து தண்ணீரை எடுத்துக் கொடுத்தேன். வலது பக்கம் ஒதுக்கிப் பார்த்தார். "கூசக்கூட இல்ல."

"இடது பக்கம்?"

ஒதுக்கினார். முகம் சுளித்தது. "இந்தப் பக்கம் கூசுது."

"அதான் சார் பயமா இருக்கு. கூசுற பல்லுக்கு உயிர் இருக்கு. அந்தப் பக்கத்துப் பல்லுக்கு இல்லை. வலி குணமாகல சார், வலிக்கிறதுக்கு உள்ள ஆள் இல்ல. இப்பவே திறந்து சுத்தம் பண்ணிட்டா ஒண்ணும் ஆகாது. விட்டா சீழ் வைக்கும். உங்களுக்கு அது தாடைக்கு அடியில சீழ் இறங்குற இடம். கழுத்துக்குப் போச்சுன்னா மூச்சுக்கே ஆபத்து."

அவர் இலைப் பொட்டலத்தை என் மேஜையில் வைத்தார். "நான் நல்லாயிட்டேன்னா உனக்குப் பொறுக்கல" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். நான் அழுதேன். பொறாமைக்காரி என்று சொல்லிவிட்டாரே என்பதற்காக மட்டும் இல்லை, அதைவிட அந்த மனிதர் வீங்கப்போகிறார் என்பது தெரிந்து கையைக் கட்டி உட்கார்ந்திருக்க வேண்டியிருந்ததே என்பதற்காக. சீரணியை யாரும் தொடவில்லை. எறும்பு வந்தது.

அதற்குப் பின் தினமும் படியேறும்போது நான் பார்த்தது அவர் கன்னத்தைத்தான். அவர் வேண்டுமென்றே இடது பக்கத்தைக் காட்டி நிற்பார். பல்வலிக்காரர்களிடம் தன் கதையையே சொல்லி மருந்து கொடுத்துக்கொண்டிருந்தார். நம்பிக்கை ஏறியிருந்தது, அதனால் நடை குறைந்திருந்தது. எனக்கு அந்த அமைதிதான் தாங்கவில்லை.

வைகாசி முகூர்த்த நாள் ஒன்று. திருப்பரங்குன்றத்தில் முகூர்த்தம் என்றால் தெருவே கல்யாண வேன்தான். மூன்று மண்டபத்து மேளம் ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவே அவருடைய மனைவி மாடிக்கு ஓடி வந்தார். மூச்சிரைத்தது.

"டாக்டரம்மா, இவுகளுக்கு நேத்துலேர்ந்து மொகம் வீங்கிக் கெடக்கு. காய்ச்சல் வேற. கஞ்சி கூட எறங்கல. கூப்பிட்டா வரமாட்டேங்காக. மருந்து வேலை செய்யிறப்ப மொதல்ல கூடித்தான் கொறையுமாம், இது நல்ல அறிகுறியாம். நீங்களே வந்து சொல்லுங்க, என் பேச்சை எங்க கேக்காக!"

இறங்கிப் போனேன். கதவைப் பாதி சாத்திக்கொண்டு உள்ளே நடந்துகொண்டிருந்தார். துண்டைத் தலையோடு சேர்த்துத் தாடையில் கட்டியிருந்தார். வலது பக்கம் தாடைக்கோடே தெரியாமல் உப்பியிருந்தது. இன்னும் ஒரு நாள் போனால் என் கையை விட்டுப் போய்விடும், பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டு போகவேண்டியிருக்கும் என்று பார்த்ததுமே தெரிந்தது.

திட்டத்தான் வாயெடுத்தேன். என்ன தோன்றியதோ, அவருடைய பெஞ்சில் உட்கார்ந்தேன்.

"வாயெல்லாம் திறக்க வேணாம் சார். பேசுங்க, போதும். குத்துதா, துடிக்குதா?"

அவர் நின்றார். என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். தாடையை அசைக்காமலேயே, "இறுக்குது" என்றார். "துடிக்கல. உள்ளேர்ந்து யாரோ தள்ளுறாப்புல இருக்கு. பல்லு ஒசந்து நிக்கிறாப்புல, மேல்பல்லு பட்டாலே தாங்கல."

இருபது வருஷம் பிராக்டிஸ் பண்ணினாலும் ஒரு நோயாளி இவ்வளவு சரியாகச் சொல்லிக் கேட்க முடியாது.

"ஐஸ் தண்ணி?"

"இப்ப அதுவும் கேக்கல."

"விழுங்க முடியுதா?"

"கஷ்டமாருக்கு."

"ஆறுதல் சொன்னா புடிக்குதா, எரிச்சலா வருதா?"

"நீ சொல்லு, பாப்போம்."

"பயமா இருக்கா சார்?"

மேளம் அடித்துக்கொண்டே இருந்தது. அவர் வந்து பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். "ஆமாம்மா" என்றார்.

பள்ளிக்கூடம் போகிற வயசில் சந்தையில் பல் பிடுங்குகிற ஆளிடம் அவரைக் கூட்டிப் போயிருக்கிறார்கள். அவர் அப்பா தலையைப் பிடித்துக்கொள்ள, அந்த ஆள் குறடை வைத்து இழுத்திருக்கிறான். முதல் தடவை தப்பான பல். இரண்டாம் தடவை சரியான பல், பாதி. "அன்னைக்கு வாயத் தொறன்னு சொன்னாங்க பாரு. அந்தச் சொல்லை நான் இதுநாள் வரைக்கும் ஒரு மனுசன்கிட்ட சொன்னதில்ல" என்றார். அவருடைய மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அவருக்கும் இது புதுச் செய்தி போலிருந்தது.

"நான் சரியான பல்லைத்தான் தொடுவேன் சார். தலையை யாரும் பிடிக்க மாட்டாங்க. நிறுத்துன்னு கையைத் தூக்கினா நிறுத்திடுவேன்."

"சத்தியமா?"

"முருகன் மேல சத்தியமா."

"மேல வாரேன். ஆனா நானா தொறக்கிற வரைக்கும் நீ அந்தச் சொல்லைச் சொல்லப்படாது."

சொல்லவில்லை. நாற்காலியில் சாய்ந்து, மனைவி கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக்க மூடி, அவராகவே வாயைத் திறந்தார். வீக்கத்துக்கு இரண்டு விரல்கூட நுழையாத அளவுக்குத்தான் திறக்க முடிந்தது. ஊசி போட்டேன். பல்லின் மேல்பக்கம் துளைத்து உள்ளறையைத் தொட்டதும் சீழ் பொங்கி வந்தது. நாற்றத்தில் நானே முகத்தைத் திருப்பினேன். அவர் கை இரண்டு தடவை உயர்ந்தது, இரண்டு தடவையும் நிறுத்தினேன். மூன்றாவது தடவை உயரும் என்று எதிர்பார்த்தபோது அது மடியிலேயே கிடந்தது. ஆன்டிபயாட்டிக் மாத்திரையை, எதிரியிடம் கடன் வாங்குகிற மாதிரி முகத்தோடு விழுங்கினார்.

பின்னால் இதை அவர் எப்படிச் சொன்னார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். "வலியை எங்க மருந்து எடுத்துருச்சு. வீக்கத்தை மட்டும் டாக்டரம்மா பாத்தாக" என்றுதான் கடைசிவரை சொன்னார். மாறவே இல்லை. ஆனால் ஐஸ் தண்ணீர் வைத்தால் நன்றாக இருக்கிறது என்று யாராவது சொன்னால், மாத்திரையைக் கொடுத்துவிட்டு, "வாங்க, மேல ஒரு எட்டுப் போயிட்டு வருவோம், நானும் வாரேன்" என்று கூட்டி வந்துவிடுவார். நான் வேலை செய்கிற நேரம் பூராவும் நாற்காலியைச் சுற்றி நடப்பார். எனக்குத் தலை சுற்றும். இப்போது அவர் மகனோடு கோயம்புத்தூரில் இருக்கிறார், கீழே செல்போன் கடை. மாடியேறி வருகிறவர்கள் தனியாகத்தான் வருகிறார்கள்.

அந்த முகூர்த்த நாளின் சாயங்காலம் கிளினிக்கைப் பூட்டிவிட்டுக் கீழே இறங்கினேன். மேளம் ஓய்ந்திருந்தது. தெருவில் வாழைமரத்தை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் நோயாளிகளின் பெஞ்சில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், செருப்பு ஓரமாகக் கழற்றிக் கிடந்தது. மரத்துப்போனது விட்டிருக்கும். காய்ச்சல் இறங்கியிருக்கிறதா, சீழ் வேறு பக்கம் இறங்கியிருக்கிறதா, இன்றே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்க வேண்டுமோ என்று எனக்கு உள்ளுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. நெற்றியைத் தொட்டேன். சூடு குறைவுதான். கழுத்தை அழுத்திப் பார்த்தேன். இளகியிருந்தது. அப்படியும் மனசு அடங்கவில்லை.

"சார், இப்ப எப்படி இருக்கு? ரூவாய்க்கு எத்தனை அணா கொறைஞ்சிருக்கு?"

அவர் பதில் சொல்லவில்லை. நான் வராந்தாவின் அந்தக் கோடி வரை போய்விட்டுத் திரும்பி வந்தேன். அப்போதும் பேசவில்லை. இன்னொரு தடவை போய் வந்தேன். நடக்கிறேன் என்பதே எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"சொல்லுங்க சார். எத்தனை அணா?"

அவர் கண் எங்கேயோ இருந்தது. வீங்கின கன்னத்துக்குள் ஏதோ மெதுவாக ஊர்ந்து பின்னால் போவதும் முன்னால் வருவதும் தெரிந்தது.

"இரும்மா" என்றார். "தேடிக்கிட்டு இருக்கேன்ல."